ஓரத்தாளில் ஒரு புத்தகம்

ஜனவரி 9

அச்சக முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். சிரிக்காதீங்க. 'அன்புள்ள'னு எழுதிப் பார்த்தேன், கை வரல. 'என்னங்க'னு ஆரம்பிச்சா நம்ம சண்டையில நான் தோத்துட்ட மாதிரி இருக்கு. அதனால முதலாளி.

போன் பண்ணியிருக்கலாமேனு கேப்பீங்க. போன்ல நீங்க கத்துவீங்க, நான் பட்டுனு வச்சுடுவேன். அப்புறம் நம்ம பொண்ணு வேலையை விட்டுட்டு ரெண்டு பக்கமும் சமாதானம் பேசணும். பாவம் அவ. கடுதாசியில நீங்க எவ்வளவு கத்தினாலும் எனக்குக் கேக்காது.

விஷயத்துக்கு வர்றேன். என் கவிதைகளைப் புத்தகமா போடணும். உங்க அச்சகத்துல பழைய பில் புக்குக்குப் பின்னாடி கிறுக்கினதும், இங்கே தனியா வந்து இந்த மூணு வருஷத்துல எழுதினதும் சேர்த்து ஒரு நாற்பது தேறும். ஒரு பதிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். "கவிதையா?"னு கேட்டார், ஏதோ தொத்து வியாதியானு கேக்கற மாதிரி. போடலாம், ஆனா முன்னூறு பிரதியை நீங்களே வாங்கிக்கணும்னார். முன்னூறு பேரை நான் எங்கே தேடறது? நான் வேலை பார்க்கற கிளினிக் கவுண்டர்ல டோக்கன் வாங்க வர்றவங்களுக்கு மாத்திரையோட சேர்த்துக் குடுக்கறதா?

பொண்ணு சொன்னானு இன்டர்நெட்லயும் பார்த்தேன். தேவைக்கு ஒண்ணு ரெண்டுனு அடிச்சுத் தர்றாங்களாம். புத்தகத்தை விட கூரியர் செலவு அதிகம். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கடைசியில ஜெராக்ஸ் கடையில ஸ்பைரல் போட்டுப் பார்த்தேன். அச்சு அசல் ஸ்கேன் ரிப்போர்ட். எங்க டாக்டரம்மாகிட்ட காட்டினா, பழக்க தோஷத்துல நேரா கடைசிப் பக்கத்தைத் திருப்பி முடிவு என்னனு பார்க்கறாங்க.

மானம் ரோஷத்தை எல்லாம் மூட்டை கட்டி வச்சுட்டுக் கேக்கறேன். என் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகற மாதிரி ஏதாவது வழி இருக்கா? இலவசம் வேண்டாம். இலவசம்னா அதைச் சொல்லியே காலத்துக்கும் என் வாயை அடைப்பீங்க.

இப்படிக்கு,
உங்கள் அச்சகத்தின் முன்னாள் மடிப்பு வேலைக்காரி

---

ஜனவரி 17

கவிஞர் அம்மாவுக்கு,

முதலாளினு எழுதினதுக்கு நன்றி. இங்கே யாரும் என்னை அப்படிக் கூப்பிடறதில்ல. மெஷின்காரர் கூட 'ஏங்க'ங்கறார். நீ போனதிலிருந்து ஒரு அட்டை கூட நேரா மடியல. ஆள் போட்டேன், ரெண்டு மாசம் இருந்தான், மூலை ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயும் மடிச்சுட்டு "இதுதான் ஸ்டைல் சார்"னான். அனுப்பிட்டேன்.

உன் புத்தகத்துக்கு வழி இருக்கு. கேள். பெரிய தாள்ல நோட்டீஸோ அட்டையோ அடிக்கறப்ப ஓரத்துல ஒரு பட்டை மிஞ்சும். வெட்டி எடைக்குப் போடறோம். நீயே எத்தனை மூட்டை கட்டியிருக்கே. அந்த ஓரத்துல உன் பக்கம் ஒண்ணைச் சேர்த்துட்டா, பிளேட் எப்படியும் போடறது, மை எப்படியும் ஓடறது. வெட்டறப்ப வாடிக்கைக்காரர் சரக்கு அவருக்கு, ஓரம் உனக்கு. வாடிக்கைக்காரங்ககிட்ட கேட்டுட்டேன், எடைக்குப் போறதுதானேனு தலையாட்டிட்டாங்க.

ஆனா சில கஷ்டம் உண்டு. வேலை என்ன கலரோ உன் கவிதையும் அந்தக் கலர். மருந்துக்கடை நோட்டீஸ்னா பச்சை, கல்யாண அட்டைனா சிவப்பு. தாளும் ஒரே மாதிரி இருக்காது. எந்தப் பக்கம் முதல்ல வரும்னு சொல்ல முடியாது, இடத்துக்கு எது பொருந்துதோ அது. ஒரு பக்கம்தான் அச்சு, பின்பக்கம் வெள்ளை. ஆறு மாசம் பிடிக்கும். பொறுமை உன்கிட்ட கிடையாதுனு எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லி வைக்கறேன்.

பைண்டிங் கூலி மட்டும் குடு. மத்தது எதுவும் கேக்கமாட்டேன். உன் வாயை அடைக்கற சக்தி எனக்கு என்னைக்கு இருந்துச்சு?

உடம்பைப் பார்த்துக்கோ.

இப்படிக்கு,
முதலாளி (கூப்பிட ஆள் இல்லாதவர்)

---

ஜனவரி 28

முதலாளிக்கு,

படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. பக்கத்து அறை டீச்சர் வந்து என்னனு கேட்டாங்க. பச்சையிலயும் சிவப்பிலயும் கவிதை வந்தா வந்துட்டுப் போகட்டும். ஆறு மாசமும் காத்திருக்கேன்.

எல்லாக் கவிதையையும் இதோட அனுப்பறேன். முப்பத்தொண்ணாவதா ஒண்ணு இருக்கு, 'அட்டை மடித்த நாள்'. மத்ததுக்கு முன்னாடி அதை எடுத்துப் படிங்க. ஒளிச்சு மறைச்சு உங்க கையால அடிக்க வச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.

அது அப்பா செத்த நாளைப் பத்தினது. மத்தியானமே அச்சகத்துக்குப் போன் வந்துச்சு. அப்பாவுக்கு முடியல, என் பேரையே சொல்லிக் கேக்கறார்னு அவரோட பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க. எடுத்தது நீங்க. சாயங்காலம் கல்யாண அட்டை போயாகணும், மடிக்க என் கை வேணும். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, "இன்னும் கொஞ்சம்தான், மடி"னீங்க. கடைசிக் கட்டு கட்டினதும்தான் சொன்னீங்க. நான் போய்ச் சேர்ந்தப்ப துணி போர்த்தியிருந்தாங்க.

இதை உங்ககிட்ட வாயால ஒழுங்கா சொன்னதே இல்ல. வாயைத் திறந்தா அழுகை வருது, இல்லேன்னா பாத்திரம் பறக்குது. எழுதினப்பதான் வந்துச்சு. அப்பா என் கவிதையைப் போன்ல படிக்கச் சொல்லிக் கேட்ட மனுஷன். அவருக்குனு நான் செய்யறது இது ஒண்ணுதான்.

மத்ததுல எதை வேணும்னாலும் இடம் பத்தலனு எடுத்துடுங்க. இது இல்லாம எனக்குப் புத்தகம் வேண்டாம். முடியாதுனா இப்பவே முடியாதுனு சொல்லிடுங்க. கோவிச்சுக்கமாட்டேன், சத்தியமா.

இப்படிக்கு,
மடிப்புக்காரி

---

பிப்ரவரி 11

கவிஞர் அம்மாவுக்கு,

பொட்டலம் வந்துச்சு. எல்லாத்தையும் படிச்சேன். மழையில நனைஞ்ச பஸ் டிக்கெட் பத்தி எழுதியிருக்கியே, அது ரொம்ப நல்லா இருக்கு. டோக்கன் நம்பரை மறந்துட்டு உட்கார்ந்திருக்கற கிழவர் கவிதையை மெஷின்காரருக்குப் படிச்சுக் காட்டினேன். "இது நம்ம அண்ணி எழுதினதா?"னு மூணு தடவை கேட்டுட்டார். அப்ப நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டேன், பொய் சொல்வானேன்.

அந்த ஒண்ணைப் பத்தி. அன்னைக்கு நான் உடனே சொல்லியிருந்தாலும் சாயங்கால பஸ்தான் இருந்துச்சு. அதை விட்டுடு, அந்த வாதத்தை நாம ஆயிரம் தடவை போட்டாச்சு. இந்த ஊர்ல எனக்கு வேலை குடுக்கறவங்க எல்லாரும் உன் புத்தகத்தைக் கையில எடுப்பாங்க. கல்யாண அட்டை அடிக்க வர்றவங்க என் மூஞ்சியைப் பார்க்கறப்ப என்ன நினைப்பாங்க? என் மெஷின்ல, என் மையில, என்னையே காறித் துப்பறதை நானே அடிக்கணும். சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கறதுனு சொல்வாங்களே, அதைக் கேள்விப்பட்டிருக்கேன். இப்பதான் செஞ்சு பார்க்கப்போறேன்.

அடிக்கறேன். வாக்கு குடுத்தா குடுத்ததுதான். நாய் வேஷம் போட்டாச்சு, குரைக்கத்தானே வேணும்.

பொருளடக்கப் பக்கம் முதல்ல அடிச்சாச்சு. ஒரு பள்ளிக்கூட நோட்டீஸ் ஓரத்துல, நீலத்துல. ஒரு தாள் வச்சிருக்கேன், பாரு.

இப்படிக்கு,
முதலாளி

---

மார்ச் 20

என்னங்க,

எழுதிட்டேன். தோத்தா தோத்துட்டுப் போறேன்.

நீலத்தாள், பச்சைத்தாள், போன வாரம் வந்த காப்பிக்கலர் எல்லாத்தையும் கட்டில்ல பரப்பி வச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன். படுக்க இடமில்ல. பஸ் டிக்கெட் கவிதை கண்ணாடிக்கடை நோட்டீஸ் தாள்ல பளபளனு மின்னுது, விளக்கு வெளிச்சத்துல தலையைச் சாய்ச்சாதான் எழுத்தே தெரியுது. எனக்குக் கோபம் வரலைங்க. அச்சுல என் வரியைப் பார்த்ததும் நம்ம பொண்ணு பிறந்தப்ப அவளைப் பார்த்த மாதிரி இருந்துச்சு. விரலை எண்ணிப் பார்த்தேன்னா பார்த்துக்கோங்க.

நீங்க அந்தக் கவிதையை அடிக்கறேன்னு எழுதினதைப் படிச்சுட்டு கிளினிக் கழிவறையில போய் அழுதுட்டு வந்தேன். அதுக்கு மேல உங்ககிட்ட நான் எதையும் கேக்கல. மன்னிப்புக் கேளுங்கனு கூடக் கேக்கல. அது அச்சுல இருந்தா போதும், நடந்தது நடந்ததுனு ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட மாதிரி. அப்புறம் நான் உங்களைத் திட்ட வேண்டியதில்ல பாருங்க, புத்தகம் பார்த்துக்கும்.

முதுகுவலிக்குத் தைலம் வச்சிருக்கேன். குனிஞ்சு கட்டு தூக்காதீங்க. உங்களுக்கு வயசு இருபத்தஞ்சுனு நினைப்பு.

இப்படிக்கு,
நான்தான்

---

மே 6

என் பிரியமுள்ளவளுக்கு,

நீ 'என்னங்க'னு எழுதின கடுதாசியைச் சட்டைப் பையிலயே வச்சிருந்தேன். துவைக்கறப்ப போயிடுச்சு. துவைக்கவும் ஆள் நான்தானே. காகிதக் கூழை வழிச்சு எடுத்துட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். சிரி, சிரி.

முப்பத்தாறு பக்கம் முடிஞ்சுது. தேர்தல் வந்து நம்மளைக் காப்பாத்திடுச்சு, நோட்டீஸ் மேல நோட்டீஸ். மூணு கட்சி ஓரத்துலயும் உன் கவிதை ஓடியிருக்கு. இந்த ஊர்ல எல்லாக் கட்சிக்கும் பொதுவான ஆள் நீ ஒருத்திதான்.

முப்பத்தொண்ணாம் பக்கம் இன்னும் போடல. நல்ல தாள் வரட்டும்னு பார்க்கறேன். உங்க அப்பா விஷயம், மளிகைக்கடை நோட்டீஸ் ஓரத்துல போட மனசு வரல. அவசரப்படாதே.

இன்னொண்ணு சொல்லணும். இதைப் போன்ல சொல்ல எனக்குத் தைரியம் வராது. தனியா சமைச்சுத் தனியா தின்னு தனியா சண்டை போட்டுக்கிட்டு எனக்கு அலுத்துப்போச்சு. வீட்டைச் சுத்தம் பண்ணி வச்சிருக்கேன். நீ படிக்கற ஜன்னலுக்குக் கண்ணாடி மாத்திட்டேன். புத்தகம் முடிஞ்சதும் வந்துடு. கிளினிக் இங்கேயும் இருக்கு, டோக்கன் எங்கேயும் டோக்கன்தான்.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

---

ஜூன் 2

என்னங்க,

உங்க கடுதாசியை எத்தனை தடவை படிச்சேன்னு சொல்லமாட்டேன். சொன்னா தலைகால் புரியாம ஆடுவீங்க.

டாக்டரம்மா கிளினிக் காத்திருப்பு அறையையே தர்றாங்க. இருபத்தொண்ணாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம், நாற்காலி எல்லாம் அங்கேயே கிடக்கு. நர்ஸுங்க, டீச்சர், பொண்ணு லீவு போட்டுட்டு வர்றா. நீங்க வேலையை விட்டுட்டு வரமாட்டீங்கனு தெரியும், கட்டாயப்படுத்தல.

மறுநாள் ஞாயித்துக்கிழமை காலை பஸ்ஸுல நான் அங்கே வர்றேன். ஒரு பெட்டியோட வர்றேன். அறையைக் காலி பண்றதைப் பத்தி டீச்சர்கிட்ட லேசா சொல்லி வச்சிருக்கேன். உங்களுக்காக மட்டும் இல்ல, இந்த மாடிப்படி ஏற மூட்டு விடமாட்டேங்குது. (உங்களுக்காகவும்தான்.)

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். முப்பத்தொண்ணு போட்டாச்சா? ஆமாம், இல்லைனு ஒரு வார்த்தை எழுதுங்க. போதும்.

இப்படிக்கு,
உங்கள் மடிப்புக்காரி

---

ஜூன் 16

என் கண்ணுக்கு,

இதோட நூறு பிரதி வருது. நானே உட்கார்ந்து தைச்சேன். மெஷின்காரர் அட்டை ஒட்டினார். கலர் கலரா அடுக்கி வச்சுப் பார்த்தா துணிக்கடை மாதிரி இருக்கு, ஆனா அழகுதான். புத்தக முதுகுல உன் பேரைத் தங்கக் கலர்ல போட்டிருக்கேன். அது நகைக்கடைக்காரர் வேலையோட ஓரம். ஓசியில தங்கம், எப்படி?

நீ கேட்டதைப் பத்தி நேர்ல பேசிக்கலாம். விழா நல்லபடியா முடியட்டும், எல்லாம் விவரமா சொல்றேன். இப்ப அதைப் போட்டுக் குழப்பிக்காதே. சந்தோஷமா இரு.

பொட்டலத்தை விழா அன்னைக்குப் பிரிச்சா போதும், முன்னாடியே பிரிச்சா ஓரம் மடங்கும். ஞாயித்துக்கிழமை பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். பெட்டியை நீ தூக்காதே.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்

---

ஜூன் 21, சனி

என்னங்க,

விழா நல்லபடியா முடிஞ்சுது. நீங்க முடியட்டும்னு சொன்னது முடிஞ்சுது. இதைப் பொண்ணு கையில குடுத்து அனுப்பறேன், நாளைக்குக் காலை பஸ்ஸுல அவதான் வர்றா.

நீங்க சொன்ன மாதிரியே பொட்டலத்தை எல்லார் முன்னாடியும் பிரிச்சேன். உங்க வேலை எவ்வளவு சுத்தம்னு எல்லாரும் சொன்னாங்க, அதை மறைக்க மாட்டேன். தையல் ஒண்ணு கூடப் பிசகல. டாக்டரம்மா பொருளடக்கத்தை விரலால தடவிக்கிட்டே வந்து, "அட்டை மடித்த நாள், இது வித்தியாசமா இருக்கே, இதைப் படிங்களேன்"னாங்க. முப்பத்தொண்ணைத் திருப்பினேன். வெள்ளைத்தாள். ரெண்டு தாள் ஒட்டிக்கிட்டிருக்குனு விரலை நனைச்சுப் பிரிச்சுப் பார்த்தேன். எல்லாரும் அவங்கவங்க கையில இருந்ததைத் திருப்பிப் பார்த்தாங்க. எல்லாத்துலயும் வெள்ளை. புத்தகத்துலயே தடிமனான, நல்ல தாள் அதுதான். பொருளடக்கம் பிப்ரவரியிலேயே அடிச்சுட்டதால உங்களால பேரை எடுக்க முடியல. எடுக்க முடிஞ்சிருந்தா எடுத்திருப்பீங்க, எனக்கும் வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிஞ்சிருக்கும்.

ஒரு நர்ஸ் "இப்பல்லாம் வெள்ளையா விடறதும் ஒரு கவிதைதான்"னு கை தட்டினா. பாவம், நல்ல எண்ணத்துலதான். என் மூஞ்சியைப் பார்த்துட்டு நிறுத்திட்டா. அப்புறம் நான் நின்னு மனப்பாடமா சொன்னேன். நீங்க அதை ஒரு தடவைதான் படிச்சிருப்பீங்க, அதனால திரும்ப எழுதறேன்.

நடுவில் மடி என்றீர்கள்,
மடித்தேன்.
ஓரத்தை நகத்தால் நீவு என்றீர்கள்,
நீவினேன்.
யாரோ ஒரு மணமகளின் பெயர்
உள்ளே போய் மூடிக்கொண்டது.
அங்கே ஒரு கட்டிலில்
என் பெயர் திறந்தே கிடந்தது.
நீங்கள் கேட்டிருந்தீர்கள்.
இன்னும் கொஞ்சம்தான் என்றீர்கள்.
எது கொஞ்சம் என்று
எனக்குத் தெரியாமல்
நேராக, மிக நேராக
மடித்துக்கொண்டிருந்தேன்.

யாரும் கை தட்டல. பொண்ணு எழுந்து வெளியே போயிட்டா. தாத்தா கடைசியில தன் பேரைச் சொல்லலைனு அவளுக்கு ஒரு குறை, அது வேற விஷயம். டாக்டரம்மா அந்த வெள்ளைப் பக்கத்தை விரிச்சு வச்சு, தன் பேனாவை எங்கிட்ட நீட்டி, "என் பிரதியில எழுதிக் குடுங்க"னாங்க. எழுதினேன். பின்னாடியே எல்லாரும் வரிசையா நின்னாங்க, டோக்கனுக்கு நிக்கற மாதிரி. கை வலிச்சுது. எழுதிக்கிட்டே இருந்தேன். மீதி பிரதியிலயும் ஒண்ணொண்ணா எழுதுவேன். உங்களுக்கு ஒண்ணு எழுதி இதோட வச்சிருக்கேன். நீலப் பேனா, உங்க பொருளடக்கக் கலருக்குப் பொருத்தமா இருக்கும்.

நீங்க முடியாதுனு பிப்ரவரியிலேயே சொல்லியிருந்தா, சத்தியமா சொல்றேன், நான் உங்களை மதிச்சிருப்பேன். வேற எங்கேயாவது அடிச்சுட்டு, உங்ககிட்டயும் வந்திருப்பேன். ஜூன் மாசம் ஆமாமா இல்லையானு ஒரு வார்த்தை கேட்டப்ப 'இல்ல'னு எழுதியிருந்தா கூட ஒரு நாள் அழுதுட்டுப் பெட்டியைக் கட்டியிருப்பேன். அப்பா விஷயத்துல நீங்க செஞ்சது ஒரு நாள் தப்பு, வேலை அவசரத்துல புத்தி மழுங்கிடுச்சுனு மூணு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டிருந்தேன். அப்படி நினைச்சதாலதான் திரும்பி வரவும் மனசு இடம் குடுத்துச்சு. அது ஒரு நாள் தப்பு இல்லைங்க. எனக்கு எது எப்ப தெரியணும்னு நீங்கதான் முடிவு பண்ணுவீங்க, நான் கைவேலையை முடிக்கற வரைக்கும் சிரிச்சுக்கிட்டு இருக்கணும். அதுதான் உங்க பழக்கம். அன்போடதான் செய்யறீங்க, அதுதான் இன்னும் பயமா இருக்கு.

உங்க மேல எனக்குப் பிரியம் இல்லைனு சொன்னா அது பொய். கண்ணாடி மாத்தின ஜன்னலை நினைச்சா அங்கே உட்கார்ந்து படிக்கணும்னு இருக்கு. ஆனா அந்த வீட்டுல உட்கார்ந்திருக்கறப்ப போன் அடிக்கும். நீங்க எடுத்துப் பேசிட்டு "ஒண்ணுமில்ல, ராங் நம்பர்"னு சொல்வீங்க. அதை என்னால நம்ப முடியாது. நம்பாத வீட்டுல எப்படிங்க தூங்கறது?

தைலம் தீர்ந்திருக்கும், பொண்ணுகிட்ட இன்னொரு பாட்டில் குடுத்திருக்கேன். பைண்டிங் கூலியும் அவகிட்ட இருக்கு. வேண்டாம்னு திருப்பி அனுப்பாதீங்க.

பஸ்ஸுல இருந்து அவ மட்டும்தான் இறங்குவா. அவளுக்குப் பின்னாடி நான் இறங்குவேன்னு பஸ் படியையே பார்த்துக்கிட்டு வெயில்ல நிக்காதீங்க. நான் வரலைங்க.

இப்படிக்கு,
உங்கள் பொண்ணோட அம்மா